எது எரியவில்லை என்று கேளுங்கள்

பம்ப் கம்பெனியில் சர்வீஸுக்கும் தரப் பிரிவுக்கும் நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டு பக்கத்துத் திட்டும் சுடச்சுட வந்து சேரும். கோயம்புத்தூரில் சப்மெர்சிபிள் மோட்டார் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்கு வாய்த்தது அந்த நாற்காலி. வாரண்டியில் திரும்பி வரும் மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டும், எதனால் போனது என்று எழுத வேண்டும், எழுதியதை உற்பத்திக்காரர்கள் ஒத்துக்கொள்ளும்வரை மல்லுக்கட்ட வேண்டும். மோட்டாரைச் சரிசெய்யும் வித்தை என்னைவிட வைண்டிங் கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்குப் பழகியது, பிரச்சினையை ஒரு வாக்கியமாக எழுதும் வேலை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது குமாஸ்தா வேலையாகத் தெரியும். எங்கள் இடத்தில் வீணாய்ப் போன பணத்தில் பெரும்பகுதி அந்த வாக்கியம் கோணலாக எழுதப்பட்டதால் போனது என்று இன்றும் சொல்வேன்.

தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த 2012-ஐ ஒட்டிய காலம். வாரண்டி முடியும் முன்பே எரிந்து வரும் மோட்டார்கள் கிடங்கில் குவிந்துகொண்டிருந்தன. மாதக் கூட்டத்தின் குறிப்பேட்டில் பிரச்சினை இப்படி ஏறியிருந்தது: “புது சப்ளையரின் வைண்டிங் ஒயர் தரம் சரியில்லாததால் மோட்டார் எரிகிறது. பழைய சப்ளையருக்கே திரும்புவது.” ஒயர் சப்ளையரை மாற்றிய கொஞ்ச நாளில் மோட்டார் எரிவது கூடியது. இதைத் தவிர ஆதாரம் எதுவும் கிடையாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

அந்த வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள். மோட்டார் எரிகிறது என்பது கண்ணால் பார்த்தது. ஒயர் தரமில்லை என்பது ஊகம். சப்ளையரை மாற்றுவது என்பது தீர்வு. மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிட்டதால் மூன்றும் ஒரே அளவு உண்மை போலத் தோன்றும். நான் முதலில் செய்தது, பார்த்ததை மட்டும் விட்டுவிட்டு மற்றதைப் பேனாவால் அடித்தது. மிஞ்சியது இரண்டே சொல்: “மோட்டார் எரிகிறது.” கூட்டத்தில் சிரித்தார்கள். “இத்தனை நாளா நாங்க சொன்னதும் இதைத்தானே சார்” என்றார் கொள்முதல் மேலாளர். அவர் சொன்னதும் சரிதான். இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் தேட முடியாது. அதைக் கூர்மையாக்க வேண்டும். ஊகத்தைச் சேர்க்காமல் கூர்மையாக்க வேண்டும்.

அதற்கு எனக்குக் கைகொடுத்தது ஷாப் ஃப்ளோரில் ‘இஸ்–இஸ் நாட்’ என்று சொல்லும் அட்டவணை. சார்லஸ் கெப்னர், பெஞ்சமின் ட்ரெகோ என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதை உருவாக்கினார்கள். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, அமெரிக்க விமானப்படையில் முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று கவனித்தவர்கள் அவர்கள். 1958-இல் வெளியே வந்து சொந்தமாக நிறுவனம் தொடங்கினார்கள். முறை எளிதானது. என்ன, எங்கே, எப்போது, எவ்வளவு என்று நான்கு கேள்வி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் பிரச்சினை இருக்கும் இடம். அடுத்த கட்டத்தில், இருந்திருக்க நியாயம் உண்டு, ஆனாலும் இல்லை என்று சொல்லக்கூடிய இடம். எல்லோரும் முதல் கட்டத்தை அடித்துப் பிடித்து நிரப்புவார்கள். சரக்கு முழுக்க இரண்டாவது கட்டத்தில் இருக்கிறது.

‘எவ்வளவு’ என்பதிலேயே முதல் அதிர்ச்சி. எரிந்து வந்த மோட்டார்களை மாதவாரியாக எண்ணிவைத்திருந்தார்களே தவிர, எத்தனை விற்றதில் எத்தனை வந்தது என்று யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டது. கிணறு வற்றிய இடமெல்லாம் போர் போட்டார்கள். எங்கள் விற்பனையும் எகிறியது. விற்றது கூடினால் திரும்பி வருவதும் கூடத்தான் செய்யும். வகுத்துப் பார்த்தபோது ஏற்றத்தில் கணிசமான பங்கு விற்பனையாலேயே வந்தது என்று தெரிந்தது. மீதி நிஜமான ஏற்றம். அது போதும் கவலைப்பட. ஆனால் கூட்டத்தில் பேசப்பட்ட பூதத்தின் உயரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

‘என்ன’ என்பதற்குக் கிடங்கில் உட்கார்ந்து மோட்டார்களைப் பிரித்தோம். சர்வீஸ் அட்டைகளில் எல்லாம் “காயில் பர்ன்” என்று ஒரே மாதிரி எழுதியிருக்கும். மருத்துவச் சான்றிதழில் “ஆள் இறந்துவிட்டார்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டால் எப்படியோ அப்படி. எங்கள் வைண்டிங் மேஸ்திரி ஒருவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், காயில் சுற்றியிருக்கும் சுழலாத பாகமான ஸ்டேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சார், எரிஞ்சதைப் பார்க்காதீங்க. எது எரியலைன்னு பாருங்க.”

மூன்று ஃபேஸ் மோட்டாரில் காயில்கள் மூன்று தொகுதியாக இருக்கும். லோடு அதிகமாகி எரிந்தால் மூன்றும் ஒரே சீராகக் கருகும். ஒயரின் உறையில் குறை என்றால் ஏதோ ஓர் இடத்தில் சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகி அந்தப் புள்ளி மட்டும் ஓட்டையாகும். மூன்று தொகுதிகளின் ஒரு முனையை ஒரே இடத்தில் சேர்த்துக் கட்டுவது ஸ்டார் இணைப்பு. அப்படி ஓடும் மோட்டாருக்கு ஒரு ஃபேஸ் வராமல் போனால் இரண்டு தொகுதி உருகிப்போய், மூன்றாவது இன்று காலை சுற்றியது போலப் பளபளவென்று இருக்கும். கிடங்கில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இந்தக் கடைசி ரகம். அந்தப் பளபளப்பான மூன்றாவது தொகுதியும் அதே சப்ளையரின் அதே லாட் ஒயரில் சுற்றப்பட்டதுதான். ஒயர் மட்டம் என்றால் அது மட்டும் ஏன் தப்பித்தது?

‘எங்கே’ என்பது இன்னும் தெளிவாகப் பேசியது. அதே மாதத்தில் அதே லாட் ஒயரில் சுற்றிய மோட்டார்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்கும் பஞ்சாயத்துக் குடிநீர் போர்களுக்கும் போயிருந்தன. அங்கிருந்து இப்படி எரிந்து அனேகமாக ஒன்றும் வரவில்லை. வந்தவை எல்லாம் தோட்டத்து மோட்டார்கள். பல்லடம், உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம். ஒயர் தோட்டத்துக்கும் அடுக்குமாடிக்கும் பேதம் பார்க்காது. இந்த இரண்டு கட்டங்களை நிரப்பியதும் “ஒயர்” என்ற ஊகம் தானாகவே படுத்துவிட்டது. யாரையும் எதிர்த்துப் பேச வேண்டி வரவில்லை. இந்த அட்டவணையில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இதுதான்: மேலதிகாரியின் ஊகத்தை நாம் மறுக்க வேண்டாம், கட்டம் மறுக்கும்.

‘எப்போது’ என்பதற்கு அலுவலகத்தில் பதில் கிடைக்காது. தோட்டம் தோட்டமாகப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொருவரும் சொன்னது ஏறக்குறைய ஒன்றே: ராத்திரி ஓடிக்கொண்டிருந்தது, காலையில் போய்ப் பார்த்தால் தண்ணி இல்லை. பல்லடம் பக்கம் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் பம்ப் செட் ரூமைத் திறந்து காட்டினார். தகரக் கூரை. உள்ளே ஸ்டார்ட்டர் பெட்டி. பக்கத்தில் வரிசையாகக் கண்டன்சர்கள், மேலே ஆட்டோ ஸ்விட்ச்.

“இது எதுக்குங்க?” என்றேன், தெரியாதது போல.

“ஏனுங் தம்பி, மூணு பேஸ் கரண்டு வர்ற நேரத்துல மட்டும் ஓட்டுனா எந்த மரத்துக்குங்க பாயும்? ரெண்டு பேஸ் வர்றப்பவும் ஓட்டணுமில்லீங்க. ராவுல எப்ப வருதுன்னு யாரு முழிச்சிருக்கறது? வந்தா ஆட்டோ போட்டுக்கும்.”

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விளக்கம். அப்போது கிராமத்து லைன்களில் மும்முனை மின்சாரத்தைப் பகலில் சில மணி நேரம், இரவில் சில மணி நேரம் என்று முறைவைத்து விட்டார்கள். மற்ற நேரத்தில் வீட்டு விளக்குக்காக இரண்டு ஃபேஸ் மட்டும் வரும். மூன்று ஃபேஸ் மோட்டாரை அந்த இரண்டில் ஓட்டுவதற்குக் கண்டன்சரை வைத்து மூன்றாவது ஃபேஸை ஒப்பேற்றுவார்கள். மின்வாரியம் கூடாது என்றுதான் சொன்னது. கொங்கு நாட்டில் அநேகத் தோட்டங்களில் அது இருந்தது.

கண்டன்சர் சரியான அளவில், சரியான நிலையில் இருக்கும்வரை மோட்டார் முனகிக்கொண்டே ஓடும். தகரக் கூரையின் சூட்டில் நாளாக ஆகக் கண்டன்சரின் திறன் இறங்கும். இறங்கினால் மூன்றாவது தொகுதிக்கு வேலை குறைந்து, மொத்தச் சுமையும் மற்ற இரண்டின் தலையில் விழும். முழு லோடில் ஒரு ஃபேஸ் அறவே போனால் மற்ற இரண்டிலும் மின்னோட்டம் ஏறத்தாழ 1.73 மடங்காகும். ஃபேஸ்களுக்கு இடையே வோல்டேஜ் 3.5 சதவீதம் முன்னே பின்னே இருந்தாலே சூடு 25 சதவீதம்போல ஏறும் என்பது மோட்டார்காரர்களின் பழைய கணக்கு. இங்கே நிலைமை அதைவிடப் பல மடங்கு மோசம். தண்ணீர் நிரப்பிய சப்மெர்சிபிள் மோட்டாரில் சுற்றும் ஒயருக்குப் பி.வி.சி. உறை. 70 டிகிரியே அதற்கு அதிகம். ஆட்டோ மட்டும் நடுராத்திரியில் கடமை தவறாமல் மோட்டாரைப் போட்டுவிடும்.

பிரச்சினை இப்போது இப்படி எழுதப்பட்டது: “இரண்டு ஃபேஸில் கண்டன்சர் வைத்து, ஆட்டோ ஸ்விட்சுடன், இரவில் ஆள் இல்லாமல் ஓடும் தோட்டத்து மோட்டார்களில், ஸ்டார் இணைப்பின் மூன்றில் இரண்டு தொகுதி காயில் வாரண்டிக் காலத்துக்குள் உருகுகிறது. குடியிருப்பு, குடிநீர் போர்களில் அதே லாட் மோட்டார்களில் இது இல்லை.” நீளமான வாக்கியம். இதில் காரணம் என்று எதுவும் எழுதப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று மட்டும் வாசிப்பவனுக்குப் புரிந்துவிடும்.

இதைப் படித்ததும் மேலே ஒரு குரல் எழுந்தது: “அப்படின்னா இது தவறான பயன்பாடு. வாரண்டி கிடையாதுன்னு எழுதி அனுப்பு.” இந்தக் குரல் எந்தக் கம்பெனியிலும் எழும். “தவறான பயன்பாடு” என்று எழுதிய இடத்தில் விசாரணை முடிந்துவிடுகிறது. ஆனால் பொள்ளாச்சியில் பாதித் தோட்டம் ஒரே மாதிரித் தவறாகப் பயன்படுத்துகிறது என்றால், அந்தத் தவறுதான் அங்கே பொருளின் இயல்பான பயன்பாடு. அதற்குத் தாங்குகிற மோட்டாரைப் பக்கத்துக் கம்பெனி செய்துவிட்டால் வாரண்டி அட்டையின் சின்ன எழுத்தை யார் படிப்பார்கள்? இந்த வாதத்தைத்தான் நான் வைத்தேன். தர்மத்தைப் பேசியிருந்தால் எடுபட்டிருக்காது.

இங்கே ‘ஒய்-ஒய்’ பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்கும் இந்தப் பழக்கம் டொயோட்டாவில் பிறந்தது. தாய்ச்சி ஓனோ சொன்ன உதாரணம் பிரபலம்: இயந்திரம் நின்றது, ஏன்? ஓவர்லோடில் ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் பம்ப் சரியாக இறைக்கவில்லை. ஏன்? அதன் தண்டு தேய்ந்துவிட்டது. ஏன்? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போனது. ஃபியூஸை மாற்றியிருந்தால் மறுபடியும் போயிருக்கும், வடிகட்டி வைத்ததால் தீர்ந்தது. 1998-இல் சுந்தரம்-கிளேட்டன் இந்தியாவிலேயே முதலாவதாக, தரத்துக்கு ஜப்பானில் கொடுக்கும் டெமிங் பரிசை வாங்கிய பிறகு, தமிழ்நாட்டின் எந்திரத் தொழிற்சாலைகளில் இந்த மாதிரிப் படிவங்கள் மழைக்காலத்துப் புல் போல முளைத்தன. நல்லதுதான். ஆனால் நான் பார்த்த ஒய்-ஒய் தாள்களில் முக்கால்வாசி, மூன்றாவது ஏனில் “ஆபரேட்டர் கவனக்குறைவு” என்று வந்து, “பயிற்சி அளிக்கப்பட்டது” என்று முடியும். சாயங்காலம் ஐந்து மணிக்குள் படிவத்தை மூட வேண்டும் என்ற அவசரத்துக்கு இதைவிட வசதியான பதில் கிடையாது.

இதற்கு நாங்கள் வைத்த கட்டுப்பாடு ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் “எதைப் பார்த்துச் சொல்கிறாய்” என்று ஒரு கட்டம். அளந்ததோ, பிரித்துப் பார்த்ததோ, நேரில் கண்டதோ அதில் வர வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் அடுத்த ஏனுக்குப் போகக் கூடாது. பாதித் தாள்கள் இரண்டாவது ஏனிலேயே நின்றன. நிற்கட்டும், அதுதானே உண்மை நிலவரம்.

இன்னொன்று, ஏன் என்ற கேள்வி ஒரே நூலாக இறங்காது. எங்கள் மோட்டாருக்கே இரண்டு ஏன் இருந்தது. ஏன் எரிந்தது என்பது ஒன்று. எரியும் முன் ஏன் நிற்கவில்லை என்பது வேறு. மின்னோட்டம் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்த ஸ்டார்ட்டருக்குள் ஓவர்லோட் ரிலே இருக்கிறதே, அது எதற்கு? திறந்து பார்த்தால் ரிலேயின் செட்டிங் உச்சத்தில் இருந்தது. ஏன் ஏற்றினார்கள்? இரண்டு ஃபேஸில் ஓடும்போது அது அடிக்கடி டிரிப் ஆகும். தோட்டக்காரர் ராத்திரியில் உள்ளூர் எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுவார். எலக்ட்ரீஷியன் நான்காவது போனுக்கு அப்புறம் வந்து திருகை ஏற்றிவிட்டுப் போய்விடுவார். அதன்பின் அவருக்கு நிம்மதியான தூக்கம், மோட்டாருக்கு மரணம். ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டரையும் அதே காரணத்துக்காகப் பைபாஸ் செய்திருந்தார்கள். அதில் குற்றம் சொல்ல யாரும் இல்லை. இரண்டு ஃபேஸில் ஓடுவதைக் கோளாறு என்று மட்டுமே புரிந்துகொள்ளும் காவலாளியை, இரண்டு ஃபேஸில் ஓடும் தோட்டத்தில் நிறுத்தியிருந்தோம்.

கம்பெனி கடைசியில் மோட்டாரோடு சேர்த்துச் சொந்தமாக ஒரு பேனல் கொடுக்க ஆரம்பித்தது. மோட்டாரின் எச்.பி.க்கு ஏற்ற கண்டன்சர், மூன்று ஃபேஸ் வந்ததும் அதைத் தானே கழற்றிவிடும் ஏற்பாடு, இரண்டு நிலையிலும் தனித்தனி அளவில் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் காவல். எரிந்து வருவது படிப்படியாக இறங்கியது. ஒயர் சப்ளையர் அதே ஆள்தான். அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

எல்லாப் பிரச்சினைக்கும் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. சிலவற்றுக்கு ஒரு படம் போதும். எங்களுக்கு வார்ப்பு அனுப்பிய ஃபவுண்டரி ஒன்றில் பம்ப் உறைகள் நீரழுத்தச் சோதனையில் கசிந்தன; புளோ ஹோல், அதாவது வார்ப்புக்குள் வாயு சிக்கி விழும் ஓட்டை. அவர்கள் மாதம் முழுக்க ரிஜெக்‌ஷன் சதவீதத்தைக் கிராஃபாகப் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தக் கிராஃபை எவ்வளவு நேரம் முறைத்தாலும் அது ஒன்றும் சொல்லப்போவதில்லை. உறையின் வரைபடத்தை ஒரு பெரிய தாளில் ஒட்டி, கசிந்த இடத்தில் சோதனைக்காரர் பேனாவால் புள்ளி வைக்க வேண்டும், வார்த்த நாளுக்கு ஒரு நிறம் என்று சொன்னோம். சில வாரங்களில் புள்ளிகள் எல்லாம் ஒரு கோரை (வார்ப்பின் உள்வெற்றிடத்துக்காக அச்சுக்குள் வைக்கும் மணல் கட்டி) சுற்றி, மேல்பக்கத்தில் மொய்த்துவிட்டன. நிறத்தைப் பார்த்தால் திங்கட்கிழமை. சனிக்கிழமை அடித்து வைத்த சி.ஓ.டூ கோர்கள் ஞாயிறு முழுக்கத் திறந்த தட்டில் ஈரம் குடித்துக்கொண்டிருந்தன. உருகிய இரும்பு பட்டதும் அந்த ஈரம் வாயுவாகி மேலே ஓடிப் பார்க்கிறது. சதவீதம் என்ற ஒற்றை எண்ணாக இருந்தவரை ஊமையாக இருந்த பிரச்சினை, இடமும் நாளும் சேர்ந்ததும் தானே பேசியது. கோர் அடிக்கும் நாளை மாற்றினார்கள். அவ்வளவுதான்.

சர்வீஸ் பிரச்சினைகள் இதைவிட வழுக்கும். இரும்பில் எரிந்ததும் எரியாததும் கண்ணுக்குத் தெரியும். சேவையில் எது பிரச்சினை என்பதே யார் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். எங்களுக்கு வந்த நிரந்தரப் புகார், “மெக்கானிக் லேட்டா வர்றாங்க.” அதற்குக் கம்பெனி கண்ட தீர்வு: இன்னும் மெக்கானிக்குகளைச் சேர்ப்பது. அறிக்கையைப் பார்த்தால் மெக்கானிக்குகள் சொன்ன நேரத்துக்குள்தான் போயிருந்தார்கள். பிறகு ஏன் திட்டு?

ஒரு புகாரை எடுத்து, முதல் போன் முதல் மறுபடி தண்ணீர் வந்த நிமிடம் வரை ஒரு கோடாக இழுத்து, வழியில் நடந்த ஒவ்வொன்றையும் குறித்தோம். எங்கள் கணினியில் கடிகாரம் தொடங்குவது புகார் பதிவானபோது. நிற்பது மெக்கானிக் தோட்டத்தில் கால் வைத்தபோது. தோட்டக்காரரின் கடிகாரம் வாழை வாடத் தொடங்கியபோது ஓட ஆரம்பித்து, வாய்க்காலில் தண்ணீர் விழும்போது நிற்கிறது. நடுவில் என்னென்ன? கோயம்புத்தூர்ப் பக்கம் ஆயிரம் அடிக்கு மேல் இறங்கிய போர்கள் சாதாரணம். அவ்வளவு ஆழத்திலிருந்து பைப்போடு மோட்டாரைத் தூக்க வண்டி வேண்டும், ஆள் வேண்டும். வறட்சிக் காலத்தில் அந்த வண்டிக்கே வரிசை. தூக்கிய மோட்டார் டீலர் கடையில், கோயம்புத்தூருக்குப் போகும் லோடு சேரும்வரை காத்திருக்கும். இங்கே பிரித்துப் பார்த்து, வாரண்டி உண்டா இல்லையா என்று எங்களைப் போன்றவர்கள் முடிவெடுக்கக் காத்திருக்கும். மெக்கானிக்கின் பயண நேரம் இந்தக் கோட்டில் கடுகளவு. அவரை இரட்டிப்பாக்கினாலும் வாழைக்கு ஒரு லாபமும் இல்லை.

பொறியாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. எதையும் அளக்கும் முன், கடிகாரம் யாருடையது, எப்போது தொடங்குகிறது, எப்போது நிற்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டும். எங்களுடையது நின்ற இடத்தில்தான் தோட்டக்காரரின் துன்பம் தொடங்கியது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பேரும் வேறு வேறு நேரத்தை அளந்துகொண்டிருந்தார்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமங்களில் கண் புரையால் பார்வை போனவர்கள் ஏராளம். பிரச்சினையைப் “பணமில்லாததால் அறுவைச் சிகிச்சை கிடைக்கவில்லை” என்று எழுதினால் தீர்வு இலவசம் என்று முடிந்துவிடும். ஆனால் இலவசம் என்று சொன்ன பிறகும் வராதவர்கள் இருந்தார்கள். வராதவர்களைத் தேடிப் போய்க் கேட்டால் பதில் வேறு மாதிரி வந்தது: பஸ்ஸுக்குக் காசு, சாப்பாட்டுச் செலவு, கூட வருபவரின் நாள் கூலி, பயம். அதனால் முகாமில் பரிசோதித்துத் தேர்ந்தவர்களை அங்கிருந்தே பஸ்ஸில் அழைத்துப் போய், சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, அறுவைச் சிகிச்சை முடிந்ததும் ஊரில் கொண்டுவந்து விடும் ஏற்பாடு உருவானது. இதையும் நான் இஸ்–இஸ் நாட் என்றே வாசிக்கிறேன். வந்தவர்களை எத்தனை முறை கருத்துக் கேட்டாலும் இந்தப் பதில் கிடைத்திருக்காது. சேவைத் துறையில் திருப்திப் படிவம் நிரப்புகிறவர்கள் எல்லோரும் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவர்கள்.

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். “மெக்கானிக் தாமதம்” என்பதை “மோட்டார் நின்ற பிறகு தோட்டத்துக்குத் தண்ணீர் இல்லாத நாட்கள்” என்று மாற்றி எழுதியதும் பேச்சின் திசையே திரும்பியது. மோட்டாரை எவ்வளவு சீக்கிரம் பழுது பார்ப்பது என்பது ஒரு கேள்வி. பழுது பார்க்கும்வரை தண்ணீருக்கு என்ன வழி என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு எங்களிடம் பதில் இருந்தது: அதிகம் ஓடும் ரகங்களில் சில மோட்டார்களை டீலரிடம் இரவல் மோட்டாராக நிறுத்துவது. தூக்கும் வண்டி வந்த அன்றே பழையதை எடுத்துவிட்டு இரவல் மோட்டாரை இறக்கிவிடலாம். வாரண்டித் தகராறு அப்புறம் நிதானமாக நடக்கட்டும். இதில் ஒரு குட்டிச் சிக்கலும் வந்தது. இரவல் மோட்டாரைத் திரும்ப வாங்க மறுபடி வண்டி வைத்துத் தூக்க வேண்டும், அந்தக் கூலியை யார் கொடுப்பது? பல இடங்களில் இரவல் மோட்டார் அங்கேயே தங்கிவிட்டது. கணக்குப் பிரிவு இன்றைக்கும் அதற்காக என்னைத் திட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்த பையன்கள் பிரச்சினை வாக்கியத்தை எழுதிக்கொண்டு வந்தால் நான் செய்யும் சோதனை இதுதான். “இல்லாததால்”, “குறைவால்”, “சரியில்லாததால்” என்ற சொற்கள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அங்கே ஊகம் ஒளிந்திருக்கிறது. “பயிற்சி இல்லாததால்” என்று எழுதியவனுக்குப் பயிற்சி என்ற ஒரே பதில்தான் கிடைக்கும். பிறகு, இந்த வாக்கியத்தைக் கேட்டால் தோட்டக்காரர் “ஆமாங்க, அதேதான்” என்பாரா என்று கேட்பேன். எங்கே நடக்கவில்லை என்று ஒரு வரியாவது இருக்க வேண்டும். எண் இருந்தால் எத்தனையில் எத்தனை என்று இருக்க வேண்டும். காரணங்களை மீன் முள் போலக் கிளை கிளையாகப் பிரித்துக் காட்டும் ஃபிஷ்போன் படம் வரைந்து கொண்டு வந்தால் சந்தோஷப்படுவேன், ஆனால் அதை இந்த வாக்கியத்துக்கு முன்னால் வரையக் கூடாது. மீனின் தலையில் தவறான பிரச்சினையை எழுதிவிட்டு, முள் முள்ளாக அழகாக வரைந்த எத்தனையோ தாள்கள் அலமாரியில் கிடக்கின்றன.

சர்வீஸ் அட்டையையும் மாற்றினோம். “காயில் பர்ன்” என்று டிக் அடிக்கும் கட்டத்தை எடுத்துவிட்டு, மூன்று வட்டங்கள் அச்சடித்தோம். மூன்று தொகுதி காயிலுக்கு ஒவ்வொன்று. கருகியதற்கு நிழல் போட வேண்டும், நல்லதாக இருப்பதை வெறுமனே விட வேண்டும். கீழே: ஆட்டோ உண்டா, கண்டன்சர் உண்டா, ரிலே எந்த எண்ணில் நிற்கிறது, கடைசியாக ஓடியதைப் பார்த்தது எப்போது, பக்கத்துத் தோட்டத்தில் எந்த மோட்டார், அது எப்படி இருக்கிறது. “இவ்ளோ எழுதுறதுக்குள்ள ரெண்டு மோட்டாரு பார்த்துடுவேன் சார்” என்று மெக்கானிக்குகள் முணுமுணுத்தார்கள். பக்கத்துத் தோட்டக் கேள்விக்குத்தான் எதிர்ப்பு அதிகம்; வேறு கம்பெனி மோட்டாரைப் பற்றி நாங்கள் ஏன் எழுத வேண்டும் என்றார்கள். அதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தக் கேள்விக்கு வந்த பதில்களை வைத்துத்தான் எரிந்த மோட்டார்களில் அடுத்த ரகம் தெரிந்தது: மூன்று வட்டமும் ஒரே சீராக நிழல் போட்டு வந்த அட்டைகள், பக்கத்துத் தோட்டத்திலும் அதே கதை. அவை கண்டன்சரே இல்லாத தோட்டங்கள். மோட்டாருக்கு மேலே உள்ள பிளவிலிருந்து ஊற்று வருவதால், மோட்டாரின் உடம்பைத் தொட்டுக்கொண்டு தண்ணீர் ஓடாமல், நின்ற நீரிலேயே சூடேறிப் போனவையாக இருக்கலாம் என்று ஒருவர் சொன்னார். “இருக்கலாம்” என்பதை அடித்துவிட்டு, மறுபடி கட்டம் போட்டு உட்கார்ந்தோம்.